கேட்காமல் கொடுத்த மருந்து

அத்தியாயம் 9

விடிவதற்கு முன்னால் மாடிவீட்டுப் பெண்ணை வாடகைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்களே, அங்கேதான் சென்ற வாரம் நின்றோம். வயிற்றைப் பிடித்தபடி அவள் சுருண்டு கிடந்தாள். துணிக் கம்பெனியில் தையல் பிரிவைக் கட்டி மேய்க்கிற அவளுடைய அம்மா காலில் செருப்புகூட இல்லாமல் பின்னால் ஓடினாள். காரின் கதவைச் சாத்தியது நம்முடைய மருந்துக்கடை அக்காதான்.

அக்காவின் வீட்டு மாடியில்தான் அந்த அம்மாவும் மகளும் குடியிருக்கிறார்கள். கீழே பின்பக்கம் வீடு, முன்பக்கம் கடை. கடையின் லைசென்ஸ் அக்காவின் பெயரில். அதற்காகப் படித்துப் பாஸானவளும் அவள்தான். வீட்டுக்காரருக்குச் சரக்கு எடுப்பது, வண்டி ஓட்டுவது, வந்தவர்களிடம் ஜோக் அடிப்பது ஆகிய மூன்று வேலைகள். மூன்றாவதைத்தான் அவர் ஒழுங்காகச் செய்வார் என்பது அக்காவின் கட்சி.

தெருவில் வேறு மருந்துக்கடைகளும் இருக்கின்றன. ஆனால் கூட்டம் அக்காவின் கடைக்குத்தான். காரணம் அவளுடைய வாய். அது எதையும் கேட்காது.

ஒரு பையன் வந்து பற்பசை அடுக்கையே வெகுநேரம் முறைத்துக்கொண்டிருந்தால் அவனுக்கு வேண்டியது பற்பசை இல்லை என்று அக்காவுக்குத் தெரியும். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து, அவன் முணுமுணுப்பதற்குள் பொட்டலத்தைக் காகிதத்தில் சுற்றி நகர்த்திவிடுவாள். முகத்தை மூடிக்கொண்டு வருகிற பெண்களுக்கும் அப்படித்தான். யாருக்கு, எதற்கு, எத்தனை நாளாக என்று ஒரு வார்த்தை கிடையாது.

"கேட்டா மனுஷன் கூனிக் குறுகிப் போயிடுவான். கேட்காம குடுக்கறதுதான் மரியாதை" என்று அவள் சொல்லும்போதெல்லாம், கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் காதில் அது விழுந்துகொண்டேதான் இருந்தது. இப்போது அந்த மகள் கல்லூரியில் முதல் வருடம். மருந்துப் பெயர்கள் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. தோழிகள் வைத்த பெயர் குட்டி டாக்டர். அக்காவுக்கு அந்தப் பெயரில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

இன்று காலை கடையைத் திறந்து விளக்கைப் போட்டபோது, சரக்கு அறைக்குள் யாரோ தகரத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். குட்டி டாக்டர் தரையில் உட்கார்ந்து, மடியில் பிஸ்கெட் டப்பாவை வைத்துத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"தூங்கலையா நீ? இங்க என்ன பண்றே?"

மகள் திரும்பினாள். முகத்தில் ரத்தமே இல்லை. "அம்மா, போன் வந்துச்சா? என்ன சொன்னாங்க?"

"அப்பெண்டிக்ஸா இருக்கும்னு சந்தேகப்படறாங்களாம். மதியத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிடுவாங்களாம். அதெல்லாம் இப்போ சின்ன விஷயம். பயப்படாதே."

"அம்மா, அது அப்பெண்டிக்ஸ் இல்லம்மா."

"ஆமாம், இவ பெரிய டாக்டர்" என்று சிரிக்கப் போனாள் அக்கா. சிரிப்பு பாதியில் நின்றது. மகள் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நான் அவளுக்கு மாத்திரை குடுத்தேன். இதுலேர்ந்து."

அந்த டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்து மாத்திரை உள்ள அட்டையில் ஆறு போதும் என்பார் ஒருவர். கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்துவிட்டால் நாலு மிஞ்சும். சில சமயம் பெயரும் தேதியும் அச்சடித்த பக்கம் வெட்டியதோடு போய்விடும். மொட்டையாக நிற்கிற மிச்சத்தை விற்க முடியாது, எறியவும் மனசு வராது. அதெல்லாம் இந்த பிஸ்கெட் டப்பாவுக்குள் போய் விழும். என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. என்றைக்காவது மொத்தமாக ஒழித்துக்கட்ட வேண்டும் என்று அக்கா சொல்லிக்கொண்டே இருப்பாள்.

அக்கா மகளின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "எதுக்குக் குடுத்தே?"

"ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னா. வெள்ளைப்படறதும் ஒரு மாதிரி நாத்தமா இருக்குன்னா. நீ எரிச்சலுக்குக் குடுப்பியே, அந்தக் கலர்ல ஒரு துண்டு இருந்துச்சு. குடுத்தேன்."

"எத்தனை?"

"துண்டுல எத்தனை இருந்துச்சோ, அத்தனை. ரெண்டு நாள்ல சரியாயிடுச்சுன்னு சொன்னாம்மா. ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்ப வந்துச்சு. வேற ஆன்டிபயாடிக் துண்டு ஒண்ணு குடுத்தேன். அதுக்கும் கேட்டுச்சு. இந்தத் தடவைதான் அடிவயிறு வலிக்குதுன்னா. ஜுரம்னா."

"அடிப்பாவி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாம்மா."

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. படித்தவள், மருந்துகளோடு குடித்தனம் நடத்துகிறவள். எரிச்சல், வெள்ளை, பிறகு அடிவயிற்று வலி, பிறகு ஜுரம். நோய் அடங்கவில்லை. அரைகுறை மருந்துக்குப் பதுங்கி, பின்பு மெல்ல மெல்ல மேலே ஏறியிருக்கிறது.

"அவ யார்கூடவாவது பழகறாளா?"

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். "ஒரு பையன். இப்போ இல்லை. அது முடிஞ்சு போச்சு."

"முதல் தடவை மாத்திரை குடுக்கும்போதே இதைக் கேட்டியா?"

"இல்லை. அப்புறம் அவளா சொன்னதுதான்."

"ஏன்டி கேட்கலை? இவ்வளவு பெரிய விஷயத்தை ஏன் கேட்கலை?"

மகள் நிமிர்ந்தாள். எதிர்த்துப் பேசுகிற முகமில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிற முகம்.

"நீ யாரையாவது கேட்டிருக்கியாம்மா?"

அக்கா டப்பாவின் மூடியை எடுத்து அழுத்தி மூடினாள். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் உள்ளே நுழைந்தார்.

"என்ன, அம்மாவும் பொண்ணும் தரையில உட்கார்ந்து மாநாடு போடறீங்க? தலைவர் யாரு?" என்று ஆரம்பித்தவர், இரண்டு முகங்களையும் பார்த்துவிட்டு அடங்கினார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் போய் முன்கதவைச் சாத்தினார்.

"இது இந்த நாலு சுவத்தைத் தாண்டக் கூடாது" என்றார்.

"டாக்டர்கிட்ட சொல்லணுங்க."

"என்னன்னு சொல்லுவே? எங்க கடையில நாள் போன மாத்திரையை எங்க பொண்ணு ஊருக்கெல்லாம் விநியோகம் பண்றான்னா? நாளைக்கே ஆள் வந்து கடைக்கு சீல் வைப்பான். லைசென்ஸ் உன் பேர்ல இருக்கு. அது போச்சுன்னா நாம மூணு பேரும் எங்க போய் நிக்கறது?"

"அங்க அவ வயித்தைக் கிழிக்கப் போறாங்க."

"கிழிக்கறவங்க படிச்சவங்கதானே? திறந்தா அவங்களே கண்டுபிடிச்சுடுவாங்க. நாம எதுக்கு வலியப் போய்த் தலையைக் குடுக்கணும்?" அவர் குரல் இறங்கியது. "நம்ம பொண்ணு பேரும் சேர்ந்து நாறும். அதை யோசிச்சியா?"

கெட்ட மனுஷர் இல்லை அவர். மாடிவீட்டுப் பெண்ணுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். பயம் வந்தால் நல்லவர்கள் பேசுகிற பேச்சு இப்படித்தான் இருக்கிறது.

கஷ்டம் என்னவென்றால், அக்காவுக்கும் அந்தப் பேச்சு கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது. அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவளும் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். கதவைத் திறந்தாள். கடைக்கு முன்னால் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். ஒருவருக்கு இருமல் மருந்து, ஒரு கிழவருக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை, ஒரு குழந்தைக்குச் சொட்டு மருந்து. கைகள் பழக்கத்தில் எடுத்துக் கொடுத்தன. கத்தரிக்கோலை எடுக்கிறபோது மட்டும் விரல் மரத்துப்போனது.

வெளியே வானம் மூட்டம் போட்டிருந்தது. மழையும் வரவில்லை, வெயிலும் வரவில்லை. மாடியில் யாரும் இல்லாத வீட்டில் தண்ணீர்க் குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கூரை வழியாகக் கடைக்குள் கேட்டது. மூடிவிட்டு வரலாம் என்று நினைத்தாள். ஆனால் அந்தப் படியில் கால் வைக்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

செல்போன் அடித்தது. மாடிவீட்டுத் தையல்காரம்மா.

"அக்கா, உடம்பு அனலாக் கொதிக்குதுக்கா. பல்லு கிட்டிப் போகுது. வாந்தி வேற. ரத்தம் எடுத்துட்டுப் போனவங்க ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறாங்க. எனக்கு உங்களை விட்டா யார் இருக்கா? கொஞ்சம் வாங்கக்கா."

அக்கா வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். வீட்டுக்காரர் வழியை மறித்துக்கொண்டு நின்றார்.

"பார்த்துட்டு மட்டும் வா. என்ன?"

"நகருங்க."

"சொல்றதைக் கேளு."

"நீங்க நகருங்க முதல்ல" என்றாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நகராமல் என்ன செய்வார், நகர்ந்தார்.

ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் அந்தப் பெண் கடைசிக் கட்டிலில் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. கண்ணைத் திறந்து குட்டி டாக்டரைப் பார்த்ததும் அந்தக் கண்ணில் நிம்மதி வரவில்லை. பயம்தான் வந்தது. சொல்லிவிட்டாயா என்று கேட்கிற பயம்.

தையல்காரம்மா அக்காவின் தோளில் சாய்ந்து அழுதாள். "காலையில அந்த டாக்டரம்மா என்ன கேட்டுச்சு தெரியுமாக்கா? யார்கூடவாவது உறவு இருக்கான்னு கேட்குது! என் பொண்ணுகிட்ட! நான் விட்டேனா பாருங்க, நல்லாக் குடுத்தேன். என் பொண்ணு தங்கம், அந்த மாதிரி வளர்க்கலைன்னு சொன்னேன். அவளும் இல்லை இல்லைன்னு தலையாட்டறா, பாவம்."

அம்மா கட்டில் ஓரத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது எந்தப் பெண் ஆமாம் என்பாள்?

டாக்டர் வார்டுக்கு வெளியே நின்று எதையோ அவசரமாகத் தின்றுகொண்டிருந்தாள். வயது அதிகம் இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம். அக்கா கிட்டே போனாள். திரும்பிப் போய்விடலாம் என்ற ஆசை கடைசியாக ஒரு தரம் எட்டிப் பார்த்தது.

"டாக்டர், நான் மருந்துக்கடை வச்சிருக்கேன். அந்தக் கடைசிக் கட்டில் பொண்ணைப் பத்திப் பேசணும்."

"ஆபரேஷனுக்குத் தயார் பண்ணிட்டிருக்கோம். அப்புறம் பேசலாம்."

"அப்புறம் பேசினா பிரயோஜனம் இல்லை டாக்டர்."

டாக்டர் தின்பதை நிறுத்தினாள். அக்கா சொன்னாள். மூச்சு விடாமல் சொன்னாள். எரிச்சல், வெள்ளை, வெட்டுத் துண்டுகள், பிஸ்கெட் டப்பா, பையன், மகள், கடையின் பெயர் வரை சொல்லிவிட்டாள்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அவ வாயால தனியா கேட்கணும். அவங்க அம்மாவை வெளியே கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

"நான் சொன்னா சந்தேகப்படுவாங்க."

"சரி, நான் சொல்றேன்."

டாக்டர் உள்ளே போய்ப் பரிசோதனை செய்ய வேண்டும், கூட இருப்பவர்கள் வெளியே நிற்கலாம் என்றாள். தையல்காரம்மா தயங்கித் தயங்கி வார்டுக்கு வெளியே போனாள். நர்ஸ் திரையை இழுத்தாள். தோழி இருக்கட்டும் என்று அந்தப் பெண்ணே குட்டி டாக்டரின் விரலைப் பிடித்துக்கொண்டாள். அக்கா திரைக்கு உள்பக்கம் ஓரமாக நின்றாள்.

"நான் சொல்லிட்டேன்டி" என்றாள் குட்டி டாக்டர். "திட்டணும்னா அப்புறம் திட்டு."

அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது.

"இங்க பாரு" என்றாள் டாக்டர். "நீ நல்லவளா கெட்டவளான்னு நான் கேட்கலை. அது எனக்குத் தேவையும் இல்லை. மருந்து சரியாக் குடுக்கணும்னா எனக்கு உண்மை வேணும். உடலுறவு இருந்துச்சா?"

தலை மெல்ல அசைந்தது.

"ஆணுறை போட்டிருந்தானா?"

"இல்லை டாக்டர். நான்தான் மாத்திரை போட்டேனே. ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சேன்."

"அந்த மாத்திரை கர்ப்பத்தைத்தான் தடுக்கும். தொத்து நோயைத் தடுக்காது. அதுக்கு ஆணுறைதான். ரெண்டும் வேற வேற."

"அவனைப் பார்த்தா அப்படி நோய் இருக்கிற மாதிரி தெரியாது டாக்டர். ரொம்ப சுத்தமா இருப்பான்."

"யாரையும் பார்த்துத் தெரிஞ்சுக்க முடியாதும்மா. நிறையப் பேருக்கு வலியும் இருக்காது, எரிச்சலும் இருக்காது. அவனுக்கே தெரியாம இருக்கலாம். டெஸ்ட் பண்ணினாத்தான் தெரியும்." டாக்டர் அடிவயிற்றில் கை வைத்தாள். அவ்வளவுதான், அந்தப் பெண் அலறினாள். வார்டு வாசலிலிருந்து தையல்காரம்மா, "ஐயோ, என்ன பண்றீங்க?" என்று கத்துவது கேட்டது. நர்ஸ் போய்த் தடுத்தாள்.

டாக்டரின் முகம் மாறியதை அக்கா பார்த்தாள்.

"இந்தப் பொண்ணு என்னென்ன மாத்திரை சாப்பிட்டா? பேர் தெரியணும். எது கேட்காம போச்சுன்னு தெரியணும்."

அக்கா நடைபாதைக்கு ஓடி வீட்டுக்குப் போன் செய்தாள்.

"ஏங்க, அந்த பிஸ்கெட் டப்பாவை எடுத்துத் திறங்க. மாத்திரைத் துண்டுகளைப் படம் எடுத்து அனுப்புங்க. சீக்கிரம்."

எதிர்முனையில் அவர் யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுப்பது கேட்டது.

"கேட்குதா? டப்பாவைத் திறங்க."

"டப்பா இல்லை" என்றார். "நீ போனதும் காலி பண்ணிட்டேன்."

"காலி பண்ணிட்டீங்களா? எங்க?"

"குப்பை வண்டியில போட்டுட்டேன். வண்டி போயிடுச்சு. உங்களுக்காகத்தான் பண்ணேன். யாராவது வந்து பார்த்தா..."

அக்கா இணைப்பைத் துண்டித்தாள். அந்த நேரத்தில் புருஷன் மீது வந்த கோபத்துக்கு அளவில்லை. காலையில் அவர் பேசியபோது தானும் ஒரு கணம் இதம் கண்டோமே என்று நினைத்தபோது, அந்தக் கோபம் பாதிக்குமேல் தன் பக்கமே திரும்பியது.

கடைசியில் குட்டி டாக்டர்தான் நினைவுபடுத்திச் சொன்னாள். முதல் துண்டின் பெயர் உறுதியாகத் தெரிந்தது. இரண்டாவதன் நிறமும் வடிவமும் மட்டும்தான் தெரியும். அதில் பெயர் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. மூன்றாவது துண்டு ஒன்றும் உண்டு என்பதே அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. வலி வந்த பிறகு, நேற்று சாயங்காலம் கொடுத்தது.

"வலி வந்தப்புறமுமா?" என்றாள் டாக்டர்.

"இன்னும் கொஞ்சம் ஸ்ட்ராங்கா குடுத்தா நின்னுடும்னு நினைச்சேன் டாக்டர்" என்றாள் குட்டி டாக்டர். அந்தப் பட்டப்பெயரை இனி யாரும் சொல்லிக் கூப்பிட வேண்டாம் என்றிருந்தது அக்காவுக்கு.

ஸ்கேன் எடுத்தார்கள். குடல்வால் ஒழுங்காகத்தான் இருந்தது. கருக்குழாயை ஒட்டிச் சீழ் கட்டியிருந்தது. அப்பெண்டிக்ஸ் ஆபரேஷனை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஊசி மருந்துகளை ஏற்றத் தொடங்கினார்கள்.

டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"நீங்க வந்து சொன்னது நல்லதாப் போச்சு. இன்னிக்கே மருந்து ஏறுது. ஆனா இன்னும் நாம தப்பிக்கலை. அந்தக் கட்டி உள்ள உடைஞ்சா உயிருக்கே ஆபத்து. இன்னிக்கு ராத்திரி ஜுரம் இறங்கணும்."

"பின்னாடி அவளுக்குக் குழந்தை..."

"இப்போ உயிரைப் பார்ப்போம். அதை அப்புறம் பார்க்கலாம்" என்றாள் டாக்டர். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள். "ஆரம்பத்துலயே டெஸ்ட் பண்ணி முழு மருந்து குடுத்திருந்தா இது சுலபமாத் தீர்ற நோய்ங்க. துண்டு துண்டாக் குடுத்ததுல வெளியே எரிச்சல் அடங்கிடுச்சு. உள்ள அது பாட்டுக்கு வேலை செஞ்சிருக்கு. அந்தப் பையனுக்கும் வைத்தியம் பண்ணியாகணும். அவன்கூட யார் யார் இருந்தாங்களோ, அவங்களுக்கும்."

"அவங்க அம்மாகிட்ட..."

"பொண்ணுக்குப் பதினெட்டு முடிஞ்சிருக்கு. அவளா சொல்லாம நான் சொல்ல மாட்டேன். ஆனா மாத்திரை எங்கேர்ந்து வந்துச்சுங்கறதை நான் எழுதித்தான் ஆகணும். மறைக்க முடியாது."

"எழுதுங்க டாக்டர்" என்றாள் அக்கா. குரல் உடையாமல் வந்ததே அவளுக்கு ஆச்சரியம்.

நடைபாதையில் தையல்காரம்மா ஓடி வந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க வந்து பேசினப்புறம்தான் இவங்க அசையவே செஞ்சாங்க. கத்தி வைக்காம காப்பாத்திட்டீங்கக்கா. நீங்க எனக்குக் கூடப்பொறந்தவ மாதிரி."

அக்காவுக்கு அந்தக் கைகளை உதற வேண்டும் போல இருந்தது. தையல் ஊசி குத்திக் குத்தி அவை காய்ப்பு ஏறியிருந்தன. சபிக்க வேண்டியவளிடமா இவள் நன்றி சொல்கிறாள்? நாளைக்கோ நாளை மறுநாளோ உண்மை தெரியும்போது இதே கை என்ன செய்யும்? அக்கா "நீ கொஞ்சம் ஏதாவது சாப்பிடு" என்று மட்டும் சொன்னாள்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு அம்மாவும் மகளும் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். ஜுரம் இன்னும் இறங்கவில்லை. இறங்கினால் போன் செய்வதாக நர்ஸ் சொல்லியிருந்தாள். அக்கா போனைக் கையிலேயே பிடித்திருந்தாள். வீட்டுக்காரர் பல முறை அழைத்துவிட்டார். அதை எடுக்க அவளுக்கு மனசில்லை.

மகளை நான்கு அறை விட வேண்டும் என்று இருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கேட்டாள்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலை. மருந்துன்னா உனக்கும் பயம் உண்டு. சின்ன வயசுலேர்ந்து பார்த்திருக்கே. அப்படி இருக்கும்போது அந்தத் துண்டு மாத்திரை கேட்கும்னு உனக்கு எப்படி அவ்வளவு நம்பிக்கை வந்துச்சு?"

மகள் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலை."

"பின்னே?"

"எனக்குக் கேட்டுச்சும்மா."

அக்காவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கிய பிறகும் அது நெஞ்சுக்குள் இறங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"உனக்கா?"

"அவளுக்கு முன்னாடியே எனக்கு இருந்துச்சு. அதே எரிச்சல். உன்கிட்ட சொல்ல வாய் வரலை. டப்பாலேர்ந்து ஒரு துண்டு எடுத்துப் போட்டுக்கிட்டேன். நின்னுடுச்சு. அதனாலதான் அவளுக்கும் தைரியமாக் குடுத்தேன்." மகள் அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "இப்போ எனக்கு ஒண்ணும் இல்லம்மா. வலி, எரிச்சல் எதுவும் இல்லை. நல்லாத்தான் இருக்கேன்."

அக்கா மகளின் முகத்தைப் பார்த்தாள். நல்ல முகம். களைத்திருந்தாலும் ஆரோக்கியமான முகம். மாடிவீட்டுப் பெண்ணும் இடையில் இரண்டு மாதம் இப்படித்தான் நன்றாக இருந்தாள். சாப்பிட்டாள், சிரித்தாள், படியில் தடதடவென்று இறங்கிக் கல்லூரிக்குப் போனாள். இன்று காலை வரை அடுத்தவள் பெண்ணுக்காகப் பயந்த பயம் வேறு. இப்போது வந்தது வேறு.

கேட்க வேண்டும். கேட்டே ஆக வேண்டும்.

"உனக்கும் ஒரு பையன்... அதுவும் முடிஞ்சு போச்சா?"

மகள் இல்லை என்று தலையாட்டினாள்.

"இப்பவுமா?"

"அவனுக்கு எதுவும் இல்லைன்னுதாம்மா சொல்றான். நானும் சரியாயிடுச்சேன்னு..."

பஸ் வந்து நின்றது. ஆட்கள் இடித்துக்கொண்டு ஏறினார்கள். மகள் படியை நோக்கி ஒரு அடி வைத்தாள். அக்கா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். பஸ் அவர்களை விட்டுவிட்டுப் போனது.

"அம்மா, அப்பா காத்துட்டு இருப்பாரு."

"இருக்கட்டும்."

"எங்கம்மா இழுக்கறே? கை வலிக்குது."

அக்கா வண்டிகளுக்கு நடுவே கையைக் காட்டிக்காட்டி ரோட்டைக் கடந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கயிற்றைக் குறுக்கே கட்டிக்கொண்டிருந்தான்.

"பார்க்கிற நேரம் முடிஞ்சுடுச்சும்மா. நாளைக்கு வாங்க."

"டாக்டரைப் பார்க்கணும்."

"யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று கேட்டான் அவன்.

அக்கா மகளை முன்னால் நிறுத்தினாள்.